மூன்றாவது அடி

ஒரு மாணவனை நான் அடித்திருக்கிறேன். ஒரே நிமிடத்துக்குள் மூன்று அடி. முதல் இரண்டுக்கும் யார் கேட்டாலும் என்னால் காரணம் சொல்ல முடியும். மூன்றாவதற்கு முடியாது.

காரைக்காலில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். முதல் பருவத்தில் எம் ஒன், இரண்டாவதில் எம் டூ, அடுத்த ஆண்டு எம் த்ரீ. எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் இந்த மூன்று தாள்களைத் தாண்டாமல் வெளியே போக முடியாது. நான்காம் ஆண்டு வரை எம் டூவைச் சுமந்துகொண்டு திரிகிறவர்கள் உண்டு. படகு இன்ஜினைக் கழற்றி மாட்டத் தெரிந்த பையன் ஒரு இரட்டைத் தொகையீட்டுக்கு எல்லை போடத் தெரியாமல் விழுந்து கிடப்பான். அவர்களுக்குக் கணக்கின் மேல் இருக்கிற கோபம் எனக்குப் புரியும். நான் அதைக் கற்றதே அடி வாங்கித்தான்.

எங்கள் ஊர் நெடுங்காட்டுப் பக்கம். பள்ளியில் கணக்கு வாத்தியார் டஸ்டரைத் திருப்பிப் பிடித்து, மரப்பக்கத்தால் விரல் முட்டியில் அடிப்பார். தப்பான வரிக்கு ஒரு அடி. முட்டி வீங்கியிருக்கும்போது பேனா பிடித்தால் எழுத்து பெரிது பெரிதாக வரும். அதற்கும் ஒரு அடி. வீட்டில் அப்பாவும் கை நீட்டுகிறவர்தான். வாய்க்காலில் தண்ணீர் சரியாக வராத ஒரு வருஷம், எங்கள் மடையை அடைத்துவிட்டார் என்று பக்கத்து வயல்காரரை மண்வெட்டிக் காம்பால் முழங்காலில் அடித்தார். நான் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். ஒன்பது வயது. எலும்பு உடைகிற சத்தம் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த மனிதர் கத்தவில்லை. சேற்றில் உட்கார்ந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரையும் அடிக்க மாட்டேன் என்று நான் சபதம் எதுவும் எடுக்கவில்லை. அடிக்கிற ஆள் நான் இல்லை என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தேன், அவ்வளவுதான்.

அந்த வருஷம் இயந்திரவியல் முதலாண்டில் இரண்டு பையன்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் இடதுகைக்காரன். அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவன். முதல் நாள் நான் ‘இன்டக்ரேஷன்’ என்றபோது திருதிருவென்று விழித்தான். ‘தொகையிடல்’ என்றதும் முகம் மாறியது. “அதுவா மேடம்!” என்றான். அதற்குப் பிறகு நான் இரண்டு சொல்லையும் சேர்த்தே சொல்லப் பழகினேன். இன்னொருவன் நல்ல உயரம். வகுப்பில் எல்லோரும் நெட்டை என்றே கூப்பிடுவார்கள். ஆங்கிலப் பள்ளியில் படித்தவன், பேச்சு சரளம், கணக்கு சுத்தமாக வராது. இடதுகைக்காரன் கணக்குப் போட்டுக் கொடுப்பான். நெட்டை வினாத்தாளில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று அவனுக்குச் சொல்லித்தருவான். இரண்டு பேரும் மீனவக் குடும்பம். பக்கத்துப் பக்கத்து ஊர். நெட்டையின் வீட்டில் சொந்தமாக விசைப்படகு இருந்தது. இடதுகைக்காரனின் அப்பா சின்ன ஃபைபர் படகில் போகிறவர்.

எம் டூவில் தொகையிடும் வரிசையை மாற்றுவது என்று ஒரு பாடம் வரும். பரப்பை முதலில் நிமிர்ந்த கீற்றுகளாக வெட்டிக் கூட்டுவோம். பிறகு அதையே படுத்த கீற்றுகளாக வெட்டிக் கூட்ட வேண்டும். எல்லைகள் எல்லாம் மாறிப்போகும், விடை மாறாது. பாதி வகுப்புக்கு இது ஏறவே ஏறாது. ஒருநாள் நான் பலகையில் படம் போட்டுவிட்டுத் திரும்பும்போது இடதுகைக்காரன் நெட்டைக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“மீன் ஒண்ணுதானடா. நிக்கவெச்சு அறுத்தாலும் எடை அதேதான், படுக்கவெச்சு அறுத்தாலும் எடை அதேதான். கத்தி எங்க நுழையுது, எங்க வெளிய வருதுன்னு மட்டும் பாரு.”

நெட்டை எல்லைகளைச் சரியாகப் போட்டான். நான் பத்து நிமிடம் சொன்னது ஒரு வரியில் முடிந்துவிட்டது.

தகராறு தை மாதம் தொடங்கியது. சுருக்குமடி வலைதான் காரணம். குஞ்சு, பெரிசு பார்க்காமல் கூட்டத்தையே வளைத்து வாரிக்கொண்டு வருகிற வலை அது. பெரிய படகுக்காரர்கள் சிலர் அதைப் போட்டார்கள். சின்னப் படகுக்காரர்கள் எங்களுக்கு என்ன மிஞ்சும் என்று தடுத்தார்கள். இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தும் கூடிக் கலைந்தது. துறைமுகத்தில் ஒரு படகைக் கொளுத்தினார்கள். அடுத்த வாரம் கல்லூரி கேன்டீனில் தட்டு பறந்தது. இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவனுக்கு உதடு கிழிந்தது. எங்கள் வகுப்பில் அந்த பெஞ்சு இரண்டாகப் பிரிந்தது. நெட்டை மூன்றாவது வரிசையிலேயே இருந்தான், இடதுகைக்காரன் கடைசிக்குப் போனான்.

வராந்தாவில் அவனைப் பிடித்துக் கேட்டேன். “என்னப்பா, ரெண்டு பேரும் பேசறதில்லையா?”

“ஊர்ல பேசக்கூடாதுன்னு கட்டுப்பாடு மேடம். பேசுனா எங்கப்பாவத்தான் கேப்பாங்க.”

“காலேஜுக்குள்ள யாரு பாக்கப் போறா?”

அவன் சிரித்தான். “எங்க ஊர்ப் பசங்க எட்டுப் பேரு இங்க இருக்காங்க மேடம்.”

சம்பவம் நடந்தது ஒரு வியாழக்கிழமை, மூன்றாவது மணி. அதற்கு முந்தைய மணி அவர்களில் பாதிப் பேருக்கு ஃபிட்டிங் பட்டறை. இரும்புத் துண்டை அரத்தால் ராவிச் சதுரமாக்குகிற வேலை. பட்டறையில் இருக்கும்போது இடதுகைக்காரனுக்குப் போன் வந்திருக்கிறது. விடியற்காலை கடலில் இரண்டு தரப்பும் மோதிக்கொண்டார்கள். ஒரு விசைப்படகு ஃபைபர் படகின் மேல் ஏற்றப்பட்டது. அவன் அப்பாவின் வலது கை இரண்டு படகுக்கும் நடுவில் சிக்கி நசுங்கிவிட்டது. படகை ஓட்டியது நெட்டையின் அண்ணன் என்று போனில் சொன்னார்கள். அது உண்மையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, நான் பலகையில் மர ஸ்கேலை வைத்து அச்சுக்கோடு இழுத்துக்கொண்டிருந்தேன், பின்னால் கதவு சுவரில் மோதியது என்பதுதான். திரும்பினேன். அவன் உள்ளே வரலாமா என்று கேட்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நேராக மூன்றாவது வரிசைக்கு நடந்தான். கையில் ஒரு அடி நீளத்தில் பட்டறை அரம்.

நெட்டை தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். அரம் அவன் நெற்றியின் மேல்பக்கம் இறங்கியது. அவன் நிமிர்வதற்குள் முகம் முழுக்க ரத்தம். இரண்டாவது அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினான், மணிக்கட்டில் விழுந்தது. எலும்பின் சத்தம் கேட்டது. எனக்கு அது ஏற்கெனவே தெரிந்த சத்தம். பெண்கள் சுவரோரம் ஒண்டினார்கள். குறுக்கே போன ஒரு பையனின் தோளைச் சட்டையோடு சேர்த்து அரம் கிழித்தது. நெட்டை பெஞ்சுக்கும் மேஜைக்கும் நடுவில் சரிந்து விழுந்தான். அவன் மேல் ஏறி நின்று இடதுகைக்காரன் மறுபடியும் ஓங்கினான். “கை போச்சுடா! எங்கப்பா கை போச்சுடா!” என்று திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தான்.

நான் எப்படி அங்கே போனேன் என்று நினைவில்லை. அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அரம் என் இடது முன்னங்கையில் உரசிக்கொண்டு போனது. தோல் சீவப்பட்டது போல எரிந்தது. என் வலது கையில் ஸ்கேல் அப்படியே இருந்தது. ஒரு மீட்டர் நீளம், தேக்கு, இரண்டு முனையிலும் பித்தளைப் பூண்.

முதல் அடி அவன் இடது மணிக்கட்டில். அரம் தரையில் விழுந்தது. அவன் அதை எடுக்கக் குனிந்தான். இரண்டாவது அடி தோளில். அவன் முழங்காலில் விழுந்தான். ஒரு மாணவன் அரத்தைக் காலால் தள்ளிவிட்டான். அது மேடைக்கு அடியில் போய்விட்டது. எல்லாம் முடிந்துவிட்டது. அவன் வெறும் கையோடு மண்டியிட்டிருந்தான். என் பக்கம் திரும்பி, “மேடம்” என்றான். சந்தேகம் கேட்பதற்கு முன்னால் அவன் எப்போதும் சொல்கிற அதே குரல்.

நான் அடித்தேன். இடது காதில், என் முழு பலத்தோடு.

அவன் பக்கவாட்டில் சாய்ந்தான். காதிலிருந்து மெல்லியதாக ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. அந்த அடியில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை. ஒரு நொடிதான். பல வருஷமாக மூடி வைத்திருந்த எதையோ திறந்துவிட்டது போல உடம்பு லேசானது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

அரசு மருத்துவமனையில் எங்கள் நான்கு பேரையும் ஒரே அறையில் வைத்துத்தான் பார்த்தார்கள். நடுவில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் ஒருவர் நின்றார். நெட்டைக்கு நெற்றியில் பதினோரு தையல், மணிக்கட்டில் மாவுக்கட்டு. எனக்கும் தோள் கிழிந்த பையனுக்கும் கட்டு மட்டும். டாக்டர் இடதுகைக்காரனின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

“சவ்வு கிழிஞ்சிருக்கு. யாரு அடிச்சா?”



“நான்தான்” என்றேன்.

எங்கள் துறைத் தலைவர் என் முழங்கையை அழுத்தினார். “மேடம், ஷாக்ல இருக்கீங்க. சும்மா இருங்க.”

சாயங்காலத்துக்குள் கல்லூரி வாசலில் இரண்டு ஊரும் கூடிவிட்டது. கையில் துடுப்பும் சவுக்குக் கட்டையும். ஒரு கூட்டம் அடித்தவனை வெளியே அனுப்பு என்றது, இன்னொன்று அடித்தவளை வெளியே அனுப்பு என்றது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததும் எங்களை மறந்துவிட்டன. கல்லூரிப் பேருந்து இரண்டின் கண்ணாடி போனது. காவலாளியின் முன்பல் இரண்டு உடைந்தது. போலீஸ் தடியடி நடத்தித்தான் கலைத்தது. தடியடி என்றால் செய்தித்தாளில் ஒரு சொல். நேரில் பார்த்தால் அது ஓடுகிறவர்களின் பின்னங்காலில் விழுகிற மூங்கில். என் அப்பா வயதுள்ள ஒருவர் கீழே விழுந்து எழுந்திருக்க முடியாமல் தவழ்ந்துகொண்டே போனதை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். கல்லூரிக்கு ஐந்து நாள் விடுமுறை விட்டார்கள்.

அந்த ஐந்து நாளில் நான் வீராங்கனை ஆகிவிட்டேன். வகுப்பில் யாரோ போனில் படம் பிடித்திருந்தார்கள். அவன் இரண்டாவது முறை அரத்தை ஓங்குவதில் தொடங்கி, என் முதல் அடியில் அரம் கீழே விழுவதோடு அந்தக் காணொளி முடிந்துவிடும். அதற்கு மேல் இல்லை. வாட்ஸ்அப்பில் அது எங்கெங்கோ சுற்றியது. மாணவனின் உயிரைக் காத்த துணிச்சல் ஆசிரியை என்று எழுதிப் போட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பேசாத உறவினர்கள் எல்லாம் பேசினார்கள். மூன்றாம் நாள் அப்பா ஊரிலிருந்து போன் செய்தார்.

“பாத்தேன், பாத்தேன். நல்லாக் குடுத்தியாம்ல! கைய விட்டு ஆயுதம் தெறிச்சு விழுதே. யாரு பொண்ணு?” என்று சிரித்தார்.

அவர் என்னைப் பாராட்டி நான் கேட்டதே இல்லை. எம்.எஸ்சி.யில் பதக்கம் வாங்கிய அன்றைக்குக்கூட சாப்பிட்டியா என்றுதான் கேட்டார். நான் போனை வைத்தேன். பிறகு உட்கார்ந்து கல்லூரி அமைத்திருந்த விசாரணைக் குழுவுக்குக் கொடுக்க வேண்டிய வாக்குமூலத்தை எழுதினேன். மூன்று அடியையும் தனித்தனியாக எழுதினேன். மூன்றாவது அடியின்போது மாணவன் ஆயுதமின்றி மண்டியிட்டிருந்தான், அந்த அடி தேவையில்லாதது என்று எழுதினேன்.

முதல்வர் அறையில் துறைத் தலைவரும் இருந்தார். முதல்வர் படித்து முடித்து, தாளை மேஜையில் வைத்தார்.

“தடுக்கப் போனப்ப தவறிப் பட்டுச்சுன்னு எழுதுங்கம்மா. ஒரு வரிதான்.”

“தவறிப் படலை சார்.”

“உங்களுக்கே தெரியாது. அந்த நேரத்துல யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும் சார். அவன் ‘மேடம்’னு சொன்னான். அதுக்கப்புறம்தான் அடிச்சேன்.”

அவர் அந்தத் தாளை நான்காகக் கிழித்தார். அவருடைய கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “உங்க மனசாட்சிக்கு எங்க காலேஜ் பலியாகணுமா? வெளிய ரெண்டு ஊரு கட்டையோட நிக்குது. அந்தப் பையன் பக்கத்துக்காரங்க கையில இத நீங்களே குடுக்கப் போறீங்களா?” மேஜையில் குத்தினார். தண்ணீர் டம்ளர் உருண்டு என் மடியில் கொட்டியது. துறைத் தலைவர் அவசரமாகத் துண்டைத் தேடினார். நான் ஈரப் புடவையோடு வெளியே வந்து, அலுவலகத்தில் வேறு தாள் வாங்கி, அதையே மறுபடியும் எழுதி, கையெழுத்துப் போட்டு, இன்னொரு பிரதியை விசாரணைக் குழுவில் இருந்த வேறு கல்லூரி ஆசிரியருக்கும் அனுப்பினேன்.

இதை நான் துணிச்சலாகச் செய்ததாக யாரும் நினைக்க வேண்டாம். வேலை போனால் என்ன செய்வது என்று வீடு வரைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டேதான் போனேன்.

கல்லூரி திறந்த அன்று இடதுகைக்காரனின் அம்மா வந்தார். மீன் வியாபாரத்திலிருந்து நேராக வந்திருந்தார். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. நான் அலுவலக வாசலில் நின்றிருந்தேன்.

“இங்க கணக்கு டீச்சர் யாரு?”

“நான்தாங்க.”

கன்னத்தில் ஒரு அறை விட்டார். கண்ணாடி பறந்து படிக்கட்டில் விழுந்தது. காவலாளி ஓடிவந்து அவர் கையைப் பிடித்து முறுக்கினார். “விடுங்க, அவங்கள விடுங்க” என்று நான் கத்தினேன்.

“அப்பனுக்குக் கை போச்சு. புள்ளைக்குக் காது போச்சு. ஒரே நாள்ல ரெண்டையும் நான் எப்படிம்மா பாக்குறது?”

“எம்மேலதாங்க தப்பு.”

“தப்புன்னு சொன்னா அந்தக் காது கேக்குமா?” மறுபடியும் அறைந்தார். இந்த முறை கையில் பலமில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துகொண்டார். என் கண்ணாடி அவர் காலடியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தார், ஒரு பக்கம் விரிந்திருந்தது, சேலையில் துடைத்து என்னிடம் நீட்டினார். துடைத்ததில் செதில் ஒட்டியிருந்தது. “அவன் உங்களத்தான் சொல்லுவான் எப்பப் பாத்தாலும். கணக்கு மேடம், கணக்கு மேடம்னு” என்றார். அந்த அறையைவிட இதுதான் வலித்தது.

இடதுகைக்காரன் பதினாறு நாள் சிறையில் இருந்தான். கல்லூரி அவனை ஒரு வருஷம் நீக்கி வைத்தது. நெட்டையின் வீட்டில் மாற்றுச் சான்றிதழ் வாங்கி அவனைச் சென்னைப் பக்கம் சேர்த்துவிட்டார்கள். என்னை அந்தப் பருவம் முழுவதும் வகுப்புக்கு அனுப்பவில்லை. தேர்வுப் பிரிவில் உட்காரவைத்தார்கள். என் மேல் வழக்குப் போடச் சொல்லி இடதுகைக்காரனின் ஊரில் பேசினார்களாம். அவன் வேண்டாம் என்றானாம். ஏன் என்று எனக்குத் தெரியாது. அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு மாதத்தில் ஊர்கள் சமாதானமாகிவிட்டன. அதிகாரிகள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்தது, கையெழுத்தானது. துறைமுகத்தில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் ஒரே கடையில் டீ குடிப்பதை நானே பார்த்தேன்.

எனக்குத்தான் சமாதானம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஏழெட்டு என்று நான்கு முறை கேட்டேன், நான்கு முறையும் தப்பாகச் சொன்னாள். என் கை மேலே போனதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அவளிடம் நான் எதையும் சொன்னதில்லை. யார் பேசக் கேட்டாளோ. எழுந்து கொல்லைக்குப் போய்க் கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அதற்குப் பிறகு அவளுக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. அவள் அப்பாதான் சொல்லிக்கொடுக்கிறார்.

அடுத்த ஆண்டு எம் டூ வகுப்புக்குள் நான் நுழைந்தபோது இடதுகைக்காரன் உட்கார்ந்திருந்தான். தன்னைவிட ஒரு வயது சின்னப் பையன்களுக்கு நடுவில். வேறு பிரிவுக்கு மாற்றித்தரவா என்று துறைத் தலைவர் கேட்டாராம். வேண்டாம் என்றிருக்கிறான். ஜன்னலோரம், இடது கோடியில் இடம் பிடித்திருந்தான். எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. அங்கே உட்கார்ந்தால் கேட்கிற காது என் பக்கம் இருக்கும்.

அன்றிலிருந்து பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுகிற பழக்கத்தை விட்டேன். எழுதுவேன், நிறுத்துவேன், திரும்பிச் சொல்வேன். பாடம் மெதுவாக நகர்ந்தது. பாடத்திட்டம் முடியாது என்று துறைத் தலைவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவன் எதுவும் கேட்கவில்லை. இரண்டு மாதம் ஒரு சந்தேகம்கூட இல்லை. நான் கூப்பிட்டால் எழுந்து நிற்பான், தெரியாது என்பான், உட்காருவான்.

பிறகு ஒருநாள் பின்னாலிருந்து ஒரு பையன், “செவிடனுக்குச் சத்தமா சொல்லுங்க மேடம்” என்றான். நான் பலகையிலிருந்து திரும்புவதற்குள் இடதுகைக்காரன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு அழுத்திவிட்டான். இடது கையை மடக்கி ஓங்கினான்.  நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அந்தப் பையன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஓங்கிய கை பக்கத்து ஜன்னலுக்குள் போனது. கண்ணாடி உடைந்து வெளியே மூன்று மாடிக்குக் கீழே விழுகிற சத்தம் கேட்டது.

கை முழுவதும் ரத்தம். நான் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். அவன் கையை இழுத்துக்கொண்டான்.

“வேணாம் மேடம். நீங்க தொடாதீங்க.”

தன் கைக்குட்டையைத் தானே சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டான்.  முடிச்சை இறுக்கிக்கொண்டே பலகையைப் பார்த்தான்.

“அந்தக் கீழ் எல்லை எப்படி மேடம் வந்துச்சு? பூஜ்யம்தான வரணும்?”

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. நான் தப்பாக எழுதியிருந்தேன். அழித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். அவனை முதலுதவிக்கு அனுப்பும்போது அவன் நோட்டில் அந்த வரி வரைக்கும் எழுதியிருப்பதைப் பார்த்தேன். கடைசி வரியில் சிவப்பாக விரல் பதிந்திருந்தது. விசாரணைக்கு நான் எழுதிக்கொடுத்ததில் ஜன்னலை மட்டும் சொன்னேன். சுவரோடு அழுத்தப்பட்ட பையனும் புகார் கொடுக்கவில்லை.

எம் டூவில் அவன் நன்றாகவே தேறினான். எம் த்ரீயை வேறொருவர் நடத்தினார். அதில் ஒருமுறை தவறி, மறுமுறை எழுதித் தாண்டினான்.

கடைசி வருஷம் பாக்கியில்லை என்று எல்லாத் துறையிலும் கையெழுத்து வாங்குகிற படிவத்தோடு என் மேஜைக்கு வந்தான். மீசை அடர்ந்திருந்தது. கப்பல் பழுது பார்க்கிற ஒரு பட்டறையில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். அப்பாவின் கை சரியாகவில்லை, விரல் மடங்காது, இப்போது ஐஸ் கம்பெனியில் காவலுக்கு இருக்கிறார் என்றான். நான் கையெழுத்துப் போடாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“உன்கிட்ட நான் மன்னிப்பே கேக்கலப்பா.”

“எழுதிக் குடுத்தீங்களாமே மேடம். எங்க வக்கீல் படிச்சுக் காட்டுனாரு.”

“அது காலேஜுக்கு. உன்கிட்ட கேக்கல.”

அவன் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “கேட்டா நான் என்ன மேடம் சொல்றது? பரவாயில்லன்னா பொய்யாப் போயிடும். போனை இந்தப் பக்கந்தான் வெக்கணும் இனிமே. அது போகட்டும். நானும் அவன் மண்டையப் பொளந்தவன்தான மேடம்.”

“அவனைப் பாத்தியா அப்புறம்?”

“ஒரு தடவ. பஸ் ஸ்டாண்டுல. சனிக்கிழம, திருநள்ளாறு கூட்டம். நெத்தியில தழும்பு அப்படியே இருக்கு. ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுலதான் ஏறுனோம். கூட்டத்துல அவன் முதுகு எம்மேல இடிச்சுக்கிட்டே வந்துச்சு. அவன் பேசல. நானும் பேசல. அவன் எறங்குனப்ப வழி விட்டேன்.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மை காய்கிற வரை தாளை ஊதினான். “வரேன் மேடம்” என்று சொல்லிவிட்டு, அடுத்த கையெழுத்துக்காக இயற்பியல் துறையின் பக்கம் நடந்தான்.